ஏப்ரல் மாதக் கூட்டக் குறிப்பு

வந்தவர்கள் பதினொரு பேர்.
இடம்: தீயணைப்பு நிலையத்தின் அடித்தளம்.
மேலே வெள்ளிக்கிழமை விற்பனைக்கு
யாரோ வெங்காயம் வதக்குகிறார்கள்.
கண் எரிந்தது; அதற்கு வேறு காரணம் எழுத வேண்டாம்.

எங்கள் மீன்பிடிச் சங்கத்துக்கு ஓர் ஓடை உண்டு.
ஓடையில் மீன் இல்லை.
புதிதாகச் சேர்பவரிடம் இதை
சந்தா வாங்கிய பிறகுதான் சொல்கிறோம்.

டெக்கர் ஓடை ஆரஞ்சு நிறம்.
மூடிய சுரங்கத்தின் வாயிலிருந்து
எழுபது வருடமாக இரும்பு கசிகிறது.
கல்லைத் தொட்டுவிட்டுச் சட்டையைத் தொட்டால்
சட்டையில் ஐந்து விரலும் இருக்கும்.
பென்சில்வேனியா வரைபடத்தில் மட்டும்
அது இன்னமும் நீலம்.

கணக்கு வாசித்தவர் வெரோனிகா ஹ்ருஷ்கா.
சுண்ணாம்பு மணல், இரண்டு லாரி.
ஆற்றில் போட்டாலும் அளந்து போட்டிருக்கிறார்.
டன்னுக்கு ஒரு ரசீது.
மழையிடமும் கையெழுத்து வாங்கியிருப்பார்,
மழை நின்றிருந்தால்.

ஈ கட்டும் வகுப்பைப் பற்றி டெல்மர்:
ஆறு பிள்ளைகள், இரண்டு செவிலியர்கள்,
ஜாமீனில் வந்த ஒருவர்.
சேவல் கழுத்திறகு, பட்டுநூல், சொட்டுப் பசை.
கொக்கியின் மேல் உயிரில்லாத பூச்சி
இப்போதுதான் வந்து உட்கார்ந்ததுபோல் இருக்க வேண்டும்.
"இதை எங்கே வீசுவது?" என்று கேட்டாளாம் ஒருத்தி.
டெல்மர் கத்தரிக்கோலைத் தேடினாராம்.
அது கையில்தான் இருந்ததாம்.

அடுத்து, ஆறாம் வகுப்பின் கண்ணாடித் தொட்டி.
நவம்பரில் வந்தவை இருநூறு டிரவுட் முட்டைகள்.
ஜனவரியில் பனிப்புயல், மின்சாரம் போயிற்று,
காற்றுக் குழாய் நின்றது.
பத்தொன்பது மணி நேரம்
முறை வைத்துக் குவளையால் மொண்டோம்,
தண்ணீரைத் தண்ணீரிலேயே ஊற்றினோம்.
தேர்தல் தகராறுக்குப் பின் பேசிக்கொள்ளாத
லாய்டும் வெரோனிகாவும்
ஒரே டார்ச் விளக்கில் நின்றார்கள்.
அப்போதும் பேசவில்லை.
குவளை மட்டும் கை மாறியது.
மிஞ்சியவை அறுபத்து மூன்று.

வருடா வருடம் குஞ்சுகளை
பக்கத்து மாவட்டத்து ஓடையில் விடுகிறோம்.
இந்த வருடம் வகுப்பிலிருந்து கடிதம்:
எங்கள் மீன்களை ஏன் வெளியூருக்கு அனுப்புகிறீர்கள்?

மீன்குஞ்சுக்கு நீச்சல் கற்றுத்தர வேண்டாம்.
எங்களுக்கு வாய்த்தது
தண்ணீருக்குத் தண்ணீராக இருக்கக் கற்றுத்தரும் வேலை.
மந்தமான மாணவன்.
இந்த வரியைத் தலைவர் அடிக்கச் சொன்னார்.
அடிக்கவில்லை.

லாய்ட் எழுந்தார்.
செவ்வாய் இரவு பெட்ரோல் பங்கில்,
குழல்விளக்கின் கீழ், நான்காம் எண் பம்பின் மேல்
ஒருநாள் பூச்சி ஒன்றைப் பார்த்தாராம்.
வால் மூன்று, சிறகு சாம்பல்.
யாரும் கட்டாத பூச்சி.
ஓடை பங்கிலிருந்து நாற்பது அடி.
ஓர் ஈயைப் பற்றி இவ்வளவு நேரம்
வளர்ந்தவர்கள் பேசியதை நான் எழுதியதில்லை.

"விட்டுவிடலாம்" ஐந்து. "கொன்றுவிடுவோம்" ஐந்து.
பதினொன்றாவது நான்.
கூண்டு என்றேன்.
மூன்று குஞ்சு, மூன்று நாள், கம்பிவலைக்குள்.
இரண்டு தரப்புக்கும் பிடிக்கவில்லை; நிறைவேறியது.
காபி தீர்ந்ததால் கூட்டம் கலைந்தது.

பின்குறிப்பு.
மூன்றாம் நாள், விடியுமுன், வேலைக்குப் போகும் வழியில்
பாலத்தடியில் இறங்கினேன்.
டார்ச்சை வாயில் கவ்விக் கூண்டைத் தூக்கினேன்.
ஒன்று, வாலை ஆட்டிக்கொண்டு.
இரண்டு.
மூன்றாவதைத் தேடியதில் அடியிலிருந்து
ஆரஞ்சுப் புகை எழுந்து எல்லாவற்றையும் மூடியது.
ஷிஃப்ட் ஆறு மணிக்கு.
புகை அடங்கட்டும் என்று நிற்கிறேன்,
முழங்கால்வரை குளிர்ந்து.